முன் சீட்டில் யார்? மறுமணக் குடும்பமும் பதின்வயதுப் பிள்ளையும்

ஏதாவது ஒரு அமைப்பு ஒரு தரப்பை ஓரங்கட்டினால் பத்திரிகைகள் யோசிக்காமல் எடுத்துப் போடும் தலைப்பு ஒன்று உண்டு: "மாற்றாந்தாய் மனப்பான்மை". யாரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை. மாற்றாந்தாய் என்றால் ஓரவஞ்சனை செய்பவள் என்பது மொழிக்குள்ளேயே ஊறிவிட்டது. இது நம் மொழியோடு நின்ற பழக்கமும் இல்லை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் அந்தச் சிறுமியைக் கொல்லச் சொல்கிறவள் அவளைப் பெற்ற தாய்தான். 1819இல் வந்த பதிப்பில் அவளைச் சித்தியாக மாற்றிவிட்டார்கள். பழியைத் தூக்கி வந்தவள் தலையில் வைத்தாயிற்று.

ஆக, பிள்ளை உள்ள ஒருவரை மணந்து ஒரு பெண் வீட்டுக்குள் கால் வைக்கும்போது அவளைப் பற்றிய தீர்ப்பு அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு இந்தப் பாரம் கொஞ்சம் குறைவு, இல்லாமல் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையும் இதே கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான்.

நான் எழுதப்போவது கெட்டவர்களே இல்லாத வீட்டைப் பற்றி. எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் முதல் சில ஆண்டுகள் அங்கே ஏன் மூச்சு முட்டுகிறது, அதிலும் பதின்வயதில் இருக்கிற பிள்ளைக்கு ஏன் அதிகமாக முட்டுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் பெயர். ஏற்கெனவே பிள்ளை உள்ள ஒருவர், மணமுறிவுக்குப் பிறகோ துணை இறந்த பிறகோ இன்னொருவரோடு சேர்ந்து அமைக்கிற குடும்பம் இது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருக்கலாம். பிறகு இருவருக்கும் பொதுவாக ஒரு குழந்தையும் பிறக்கலாம். ஆங்கிலத்தில் 'பிளெண்டட் ஃபேமிலி' என்கிறார்கள். அதைக் 'கலப்புக் குடும்பம்' என்று எழுதினால் வேறு ஏதோ நினைவுக்கு வரும்; 'கூட்டுக் குடும்பம்' என்றால் தாத்தா, பாட்டி, பெரியப்பா எல்லாம் வந்து நிற்பார்கள். மறுமணக் குடும்பம் என்றே வைத்துக்கொள்வோம். 'பிளெண்டட்' என்ற சொல் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்பது போல அது ஆசை காட்டுகிறது. அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பெரியவர்களையும் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்து, 'பெற்றவர்', 'வந்தவர்' என்று சொல்கிறேன்.

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

என் அம்மா மறுமணம் செய்துகொண்டபோது எனக்கு 13 வயது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மாவின் காரில் முன் சீட்டு என்னுடையது. என்ன பாட்டு ஓட வேண்டும், கண்ணாடியை எவ்வளவு இறக்க வேண்டும், அம்மாவின் கைப்பையிலிருந்து சில்லறையை எப்போது எடுத்து நீட்ட வேண்டும் என்பதெல்லாம் என் இலாகா. பள்ளியில் நடந்ததை அம்மாவிடம் முகம் பார்த்துச் சொல்ல முடியாத நாட்களில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடிந்த இடமும் அதுதான்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் மூவரும் வெளியே கிளம்பினோம். அவர் இயல்பாக முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். தப்பே இல்லை. அம்மா கவனிக்கவும் இல்லை. நான் பின்னால் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பி, "ஏசி போதுமாம்மா?" என்று கேட்டார். "ம்" என்றேன். அன்று முழுக்க என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். இரவு அம்மா அறைக்கு வந்து, "அவர் எவ்ளோ நல்லா பேசறாரு, நீ ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிட்டிருக்க?" என்றார். பதில் சொல்லவில்லை. ஒரு சீட்டுக்காக அழுகை வருகிறது என்று 13 வயதுப் பெண் எப்படிச் சொல்வாள்?

அமெரிக்க உளவியலாளர் பாட்ரீசியா பேப்பர்னோ 1980களிலிருந்து இந்தக் குடும்பங்களைப் பற்றியே எழுதி வருபவர். என் பின் சீட்டுக்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அதை நான் படித்தது எத்தனையோ வருடம் கழித்து. இந்த வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் உள்ளாள், இன்னொருவர் எப்போதும் வெளியாள் என்கிறார் அவர். அம்மாவுக்கும் மகளுக்கும் பல ஆண்டுக் கதை இருக்கிறது. பாதி வாக்கியத்தில் சிரித்துக்கொள்ளும் பழைய நகைச்சுவைகள் இருக்கின்றன. அந்த நேரத்தில் வந்தவர் வெளியாள். அவரும் அம்மாவும் பேச ஆரம்பித்தால் மகள் வெளியாள். இரண்டு பக்கமும் உள்ளே இருக்கிற ஒரே ஆள் பெற்றவர். அதனால்தான் அவருக்கு "எல்லோரும் நல்லாத்தானே இருக்கோம்" என்று தோன்றுகிறது. அதே காரணத்தால் இரண்டு பக்கமும் இழுபடுவதும் அவர்தான். யாருடைய குணத்திலும் கோளாறு இல்லை. வீட்டின் அமைப்பே அப்படி.

நான் சொல்ல வருவதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பழைய உறவு கைவிட்டுப் போகவில்லை என்று பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்த பிறகுதான் புது உறவுக்கு அங்கே இடம் பிறக்கும். இனி வருவதெல்லாம் இதன் கிளைகள்.

கணக்கில் வராத இழப்பு

பெரியவர்களுக்கு மறுமணம் வரவு. தனிமை போய்த் துணை வந்தது. பாரத்தைப் பகிர ஒரு தோள் கிடைத்தது. பிள்ளைக்கு அதே நாள் செலவுக் கணக்கில் எழுதப்படுகிறது. அம்மாவோ அப்பாவோ தனக்கென்று ஒதுக்கிய நேரம் பாதியாகிறது. வீடு மாறலாம், பள்ளி மாறலாம், தனி அறை போகலாம். இதற்கெல்லாம் அடியில் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கும். பிரிந்த அப்பாவும் அம்மாவும் என்றாவது ஒரு நாள் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்ற ஆசை. பதினாறு வயதில், அது நடக்காது என்று நன்றாகத் தெரிந்த பிறகும், மனதின் ஏதோ ஒரு மூலையில் அது உயிரோடுதான் இருக்கும். மறுமணம் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. பெற்றவர் இறந்துபோன வீட்டில் வலி வேறு விதம்: காலியாக இருந்த நாற்காலியாவது அப்பாவை ஞாபகப்படுத்தியது, இப்போது அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசினார். போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்தத் துயரத்துக்கு, தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். மணமுறிவில் பிள்ளைக்கு நேர்வதையும் பின்னாளில் அந்தப் பெயருக்குள் சேர்த்தார்கள். அப்பா உயிரோடுதான் இருக்கிறார், வாரம் ஒரு முறை போனில் பேசுகிறார். ஆனால் வீட்டில் இல்லை. இறப்பு என்றால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். இதற்கு யாரும் வருவதில்லை. மறுமணத்துக்கோ வாழ்த்து வேறு சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேவிஸ் ஹெதரிங்டன் சுமார் 1,400 குடும்பங்களை, சிலவற்றை முப்பது ஆண்டுகள் வரை, பின்தொடர்ந்தவர். தாயோடு தனியாக வாழ்ந்து நெருங்கிப்போன பெண் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் புது ஆணை ஏற்பதில் பையன்களைவிட அதிகம் தடுமாறினார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. நெருக்கம் கூடக் கூட இழப்பும் கூடுகிறது. முன் சீட்டுக்காரிக்கு இது புதிய செய்தி இல்லை.

பெற்றவர் என்ன செய்யலாம்? மிகச் சாதாரணமான ஒன்று. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தைப் பிள்ளைக்கென்று தனியாக ஒதுக்குவது. வந்தவர் அதில் கிடையாது, அவருடைய பிள்ளைகளும் கிடையாது. "எல்லோரும் சேர்ந்து போனாத்தானே குடும்பம்" என்று நினைத்து இந்தத் தனி நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். ஆரம்ப நாட்களில் அந்தச் 'சேர்ந்து போவது' பிள்ளைக்குப் பரீட்சை எழுதுவது மாதிரி. தனி நேரம் நிலைத்திருந்தால், சேர்ந்து போவதும் தானாகக் கொஞ்சம் இளகும்.

நல்லவராக இருப்பதே சிக்கல்

இது பலருக்கும் நம்ப முடியாத பகுதி. வந்தவர் மோசமானவராக இருந்தால் பிள்ளைக்குக் குழப்பமே இல்லை; வெறுத்துவிட்டுப் போகலாம். அவர் நல்லவராக இருந்தால்தான் தலைவலி.

ஒரு சனிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். பதினைந்து வயதுப் பையன், அம்மாவின் புதுக் கணவரோடு வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறான். கையெல்லாம் கிரீஸ். இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள். போன் அடிக்கிறது. அப்பா.

"என்னடா பண்ணிட்டிருக்க?"

"சும்மாதாம்ப்பா."

பேசி முடித்துவிட்டு உள்ளே போகிறான். செயின் பாதியில் தொங்குகிறது. அடுத்த நாள் அவர் "சைக்கிள முடிச்சிரலாமா?" என்று கேட்டால், "வேணாம்" என்று வெட்டிப் பேசுகிறான். அவர் மனைவியிடம் போய், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்கிறார். அவர் தப்பேதும் செய்யவில்லை. அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்துவிட்டது, அதுதான் காரணம். 'சும்மா' என்று அப்பாவிடம் சொன்ன அந்தச் சின்னப் பொய் அவனை உறுத்துகிறது. இவரோடு சிரித்தது அங்கே இருக்கிறவருக்குச் செய்த துரோகம் போலப் படுகிறது.

குடும்ப சிகிச்சையில் இதை விசுவாசச் சிக்கல் என்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த மனநல மருத்துவர் இவான் போசோர்மெனி-நாகி 1973இலேயே, ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோரோடு கட்டி வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத விசுவாசங்களைப் பற்றி விரிவாக எழுதினார். பெற்றோர் இருவரும் எதிரெதிராக நின்றால் நடுவில் பிள்ளை கிழிபடும். "அங்க உன்னை எப்படிப் பாத்துக்கறாங்க? அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒவ்வொரு முறையும் துருவிக் கேட்பது, "ஃபீஸ் கட்டச் சொல்லு உங்க அப்பன்கிட்ட" என்று பிள்ளையைத் தபால்காரனாக்குவது, பெருமூச்சு விட்டுவிட்டு "ஒண்ணுமில்ல" என்பது — இந்த மூன்றாவதுதான் மூன்றிலும் மோசமானது என்பது என் அபிப்பிராயம். திட்டினால் பிள்ளை எதிர்த்துப் பேசலாம். பெருமூச்சை என்ன செய்வது?

இந்த முடிச்சை அவிழ்க்கும் வல்லமை அதிகம் இருப்பது வீட்டுக்கு வெளியே இருக்கிற பெற்றவரிடம். "அவர் சைக்கிள் ரிப்பேர் சொல்லித் தர்றாரா? நல்லதுடா, கத்துக்கோ" என்று அந்த அப்பா ஒரு முறை மனதார சொன்னால் போதும், பையனுக்கு மூச்சு வரும். அவர் சொல்லமாட்டார் என்றால், வீட்டில் இருக்கும் அம்மாவும் வந்தவரும் இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லலாம்: "உங்க அப்பா இடம் உங்க அப்பாவுக்குத்தான். இவர் அதுக்கு வரல." இதைச் சொல்வது வந்தவருக்குக் கசக்கும், தன்னைத் தானே குறைத்துக்கொள்வது போலிருக்கும். ஆனால் அப்பாவின் இடத்துக்குப் போட்டி இல்லை என்று தெரிந்த பிறகுதான் பையன் அந்தச் செயினுக்குத் திரும்பி வருவான்.

வயது ஒரு பக்கம் இழுக்கும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வரை வளரிளம் பருவம். உளவியலாளர் எரிக் எரிக்சன் இந்த வயதின் வேலையை, நான் யார் என்று கண்டுபிடிப்பது என்றார். அதற்கு வீட்டிலிருந்து கொஞ்சம் விலகி நின்றாக வேண்டும். நண்பர்கள் பெரிதாகத் தெரிவார்கள், அம்மா பேசினால் எரிச்சல் வரும், கதவு சாத்தப்படும். எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

மறுமணக் குடும்பம் சரியாக அந்த நேரத்தில் வந்து, "வா, நெருங்கி உட்கார், நாம எல்லாம் ஒண்ணு" என்கிறது. பிள்ளையை வயது வெளியே தள்ளுகிறது, குடும்பம் உள்ளே இழுக்கிறது. ஆறு வயதுக் குழந்தை புதிதாக வந்தவரின் மடியில் ஒரு மாதத்தில் ஏறிக்கொள்ளும்; பதினான்கு வயதுப் பிள்ளை தன்னைப் பெற்றவரிடமே அப்படி ஒட்டாது. மறுமணம் நடக்க மிகக் கடினமான வயது பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட ஆரம்பப் பதின்வயது என்பது ஹெதரிங்டனின் முடிவு.

ஆகவே மூடிய கதவையெல்லாம் மறுமணத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பாதிக் கதவுகள் வெறும் பதினான்கு வயதால் மூடியவை.

இன்னொன்றும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: தன் அம்மாவோ அப்பாவோ ஒருவர் மேல் காதலோடு இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது இந்த வயதில் பெரும் கூச்சம். பிள்ளை எதிரில் கொஞ்சம் அடக்கி வாசித்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

எவ்வளவு நாள்?

நாள் இல்லை, ஆண்டுகள். பேப்பர்னோ பார்த்தவர்களில் வேகமாக முன்னேறிய குடும்பங்களுக்கே நான்கு ஆண்டுகள் ஆயின. சராசரிக் குடும்பத்துக்கு ஏழு. ஹெதரிங்டனும் ஐந்து முதல் ஏழு என்றே சொன்னார். முதல் இரண்டு ஆண்டுகள்தான் கரடுமுரடு அதிகம்.

கல்யாணமான ஆறாவது மாதத்தில் "இன்னும் ஒட்ட மாட்டேங்குது" என்று வருந்துகிறவர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னால் முதலில் அதிர்ச்சி, பிறகு ஒரு நிம்மதி. தோற்றுவிட்டோம் என்று நினைத்தவர்கள் இன்னும் முதல் மைலில்தான் இருக்கிறார்கள். இதில் ஒரு சங்கடமான கணக்கும் ஒளிந்திருக்கிறது. பிள்ளைக்கு இப்போது 15 என்றால், குடும்பம் ஒரு நிலைக்கு வரும்போது அந்தப் பிள்ளை படிக்கவோ வேலைக்கோ வீட்டைவிட்டே கிளம்பியிருக்கும். சில பிள்ளைகளுக்கு வந்தவரோடு நல்ல உறவு அமைவதே அதற்குப் பிறகுதான், விடுமுறைக்கு வந்து போகும்போது.

பயமுறுத்தும் எண்ணும் ஒன்று உண்டு. பெற்றோர் பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளில் 20 முதல் 25 சதவீதம் பேருக்கு மன அளவிலோ நடத்தையிலோ கடுமையான சிக்கல்கள் இருந்ததாக ஹெதரிங்டன் கண்டார். பிரியாத குடும்பங்களில் அது 10 சதவீதம். இரண்டு முதல் இரண்டரை மடங்கு. லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: முக்கால்வாசிப் பேர் தேறி வந்திருக்கிறார்கள்.

யார் கண்டிப்பது?

அதிகம் சண்டை வெடிக்கும் இடம் இதுதான். இரவு பதினொன்றரை, அறையில் போன் வெளிச்சம்.

"பதினோரு மணிக்கு மேல போன் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அத சொல்ல நீங்க யாரு?"

இந்தக் கேள்வி கேட்கப்படாத மறுமணக் குடும்பம் இருக்குமா என்பது சந்தேகம். வந்தவருக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. ஆனால் கொஞ்சம் ஆறப் போட்டு யோசித்தால் கேள்வி நியாயமானது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைத்துப் பழகிய கை கண்டித்தால் பிள்ளை அழுதுவிட்டு மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். வந்தவரின் கை இன்னும் ஒரு முறைகூட அணைக்கவில்லையே.

அதே இரவை வேறு மாதிரி நடத்தலாம். விதியைப் பெற்றவர் முன்பே தன் வாயால் சொல்லியிருக்கிறார். அம்மா ஊரில் இல்லாத அன்று வந்தவர் கதவைத் தட்டி, "உங்கம்மா பதினொண்ணுக்கு போனை ஹால்ல வைக்கச் சொல்லியிருக்காங்க. மணி ஆச்சும்மா" என்கிறார். அவ்வளவுதான். விதி அம்மாவுடையது, இவர் அதை ஞாபகப்படுத்துகிறார். மீறினால் அம்மா வந்ததும் அம்மா பார்த்துக்கொள்வார். குடும்பங்களை ஒன்பது ஆண்டுகள் ஆராய்ந்த ஜேம்ஸ் பிரே என்ற உளவியலாளரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: ஆரம்பத்தில் வந்தவர் கண்காணிக்கலாம், நீதிபதி ஆகக் கூடாது. பிறகு பாசம் ஊறிய அளவுக்குக் கண்டிப்பும் மெதுவாக வரலாம். பதின்வயதின் நடுவில் நுழைந்தவருக்கு அந்தக் கட்டம் வராமலே போகவும் கூடும். போகட்டும்.

இதில் பெற்றவர் தப்பித்துக்கொள்ளும் வழி ஒன்றிருக்கிறது. பிள்ளைக்கு நேர்ந்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி. அதனால் கண்டிக்க மனசு வராது. அந்த வேலையைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டிவிட்டு, அவர் கண்டித்ததும் "பாவம், விட்டுடுங்க" என்று பிள்ளை பக்கம் சாய்வது. இரண்டு பேருக்கும் செய்கிற அநியாயம் அது. விதி எது, எவ்வளவு தளர்த்தலாம் என்பதைப் பெரியவர்கள் இருவரும் பிள்ளை காதில் விழாத இடத்தில் சண்டை போட்டாவது முடிவு செய்துகொண்டு வர வேண்டும்.

கண்டிக்கக் கூடாது என்றால் வந்தவர் என்னதான் செய்வது? மிசௌரி பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கனாங்கும் மேரிலின் கோல்மனும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். வந்தவர்களில் சிலர் பிள்ளையிடம் நட்புத் தேடவே இல்லை. சிலர் கல்யாணம் வரைக்கும் நன்றாகப் பழகிவிட்டு, ஒரே வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்தி அதிகாரத்துக்கு மாறினார்கள். சிலர் தொடர்ந்து தேடிக்கொண்டே இருந்தார்கள். உறவு வளர்ந்தது இந்தக் கடைசி வகை வீடுகளில். அதிலும் பலன் தந்தது, பிள்ளைக்குப் பிடித்த ஒரு வேலையை இருவர் மட்டும் சேர்ந்து செய்தது. வந்தவருக்குப் பிடித்த வேலை இல்லை, கவனியுங்கள். அந்தச் சைக்கிள் செயின் ஞாபகம் வருகிறதா?

அறை, அலமாரி, வரிசை

இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு அடுக்கு. இத்தனை நாள் மூத்தவளாக இருந்தவள் திடீரென இரண்டாமவள். கடைக்குட்டிக்குக் கீழே இன்னொரு குட்டி. யாரும் யாரையும் கேட்டு இந்த வரிசையை மாற்றவில்லை. ஒரு வீட்டில் போன் எட்டாம் வகுப்பில் கிடைக்கும், இன்னொரு வீட்டில் பத்தாம் வகுப்பில். இரண்டும் ஒரே கூரைக்குள் வந்ததும் "அவளுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி தினமும் எழும்.

ஒருவர் ஏற்கெனவே வாழ்ந்த வீட்டுக்கு மற்றவர்கள் குடிவருவதைவிட, முடிந்தால் எல்லோருக்கும் புதிதான ஒரு வீட்டில் தொடங்குவது நல்லது. முடியாவிட்டால் வருகிற பிள்ளைக்குப் பூட்டு வைத்த ஒரு இழுப்பறையாவது வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வந்து தங்கும் பிள்ளைக்கும்தான். பையைத் தூக்கிக்கொண்டு வந்து பையோடு போகிறவர் விருந்தாளி. பல் துலக்கும் பிரஷ் அங்கேயே இருந்தால் வீட்டு ஆள். பதின்வயதுப் பிள்ளைகள் சேர்ந்து வாழத் தொடங்கும் வீட்டில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது, குளியலறைத் தாழ்ப்பாள், உடை மாற்றும் இடம் ஆகியவற்றை முதல் வாரமே பேசி முடித்துவிடுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

நீங்களே அந்தப் பிள்ளை என்றால்

வந்தவரை உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாசம் காட்டவில்லை என்பதற்காகக் குற்றவாளி போல உணர வேண்டாம். வீட்டுக்கு வரும் ஒரு பெரியவரிடம் காட்டும் சாதாரண மரியாதை போதும். அதற்கு மேல் வந்தால் வரட்டும். பிடித்துவிட்டது என்றால், அதுவும் துரோகம் இல்லை. இவருக்கென்று மனதில் ஒரு இடம் திறந்தால் அப்பாவின் இடம் சுருங்குவதில்லை.

பெற்றவரிடம் "நீ மாறிட்ட" என்று சொன்னால் சண்டைதான் வரும். "ஞாயித்துக்கிழமை காலைல நாம ரெண்டு பேர் மட்டும் வெளிய போலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். எனக்கு அதைக் கேட்க இரண்டு வருடம் ஆயிற்று. முன் சீட்டு விஷயத்தைச் சொன்னபோது அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, வெகு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்திலிருந்து ஞாயிறு காலை ஒரு மணி நேரம் நாங்கள் இருவர் மட்டும். வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகு மூவரும் போகும்போது பின் சீட்டில் உட்காருவது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை, கால் நீட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் பழகிக்கொள்ளும் காலத்துச் சங்கடங்கள். அடி, மிரட்டல், உங்களுக்கு அருவருப்பு தரும் தொடுகை அல்லது பேச்சு, "அம்மாகிட்ட சொல்லாத" என்ற ரகசியம் ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. அவற்றைப் பொறுத்துப் போக வேண்டியதில்லை. நம்பும் ஒரு பெரியவரிடம், ஆசிரியரிடம், குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லுங்கள். ஒருவர் நம்பவில்லை என்றால் இன்னொருவரிடம். அதேபோல, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், மனம் சோர்ந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணமோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதோ இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எப்படிக் கூப்பிடுவது?

கடைசியாக விட்டுவைத்திருக்கிறேன், ஆனால் முதல் நாளே வந்து நிற்கும் கேள்வி இது. ஆண்ட்ரூ செர்லின் என்ற சமூகவியலாளர் 1978இல் ஒரு கட்டுரை எழுதினார். மறுமணம் இன்னும் முழுமை பெறாத ஒரு ஏற்பாடு. முதல் கல்யாணத்துக்கு இருப்பது போல வழிகாட்டும் வழக்கங்கள் இதற்கு இல்லை. வந்தவரை அழைக்க ஒரு சொல்கூட ஒழுங்காக இல்லை என்பது அவர் வாதம். 'மாற்றாந்தந்தையே' என்று எந்தப் பிள்ளையாவது கூப்பிட்டு நாம் கேட்டிருக்கிறோமா?

"இனிமே அப்பான்னு கூப்பிடு" என்று உத்தரவு போடுவது மட்டும் கூடவே கூடாது. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அங்கிள், ஆன்ட்டி, சித்தி, சித்தப்பா, செல்லப்பெயர் என எதுவாகவும் இருக்கலாம். பிள்ளையே எடுக்கட்டும், நேரமும் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம். ஏறக்குறைய ஒன்றரை வருடம் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் காலம் தள்ளினேன். அது ஒரு தனிக் கலை. அறை வாசலில் போய் அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்க வேண்டும். பார்த்ததும் நேராக விஷயத்துக்குப் போய்விட வேண்டும். தமிழில் 'வாங்க', 'போங்க' என்று வினையிலேயே மரியாதையை வைத்துவிட முடிவதால் பெயர் இல்லாமலே ஓட்டிவிடலாம். ஒரு நாள் கணக்குப் பாடத்தில் எனக்கு ஒன்று புரியவில்லை. அவர் பேப்பரில் வரைந்து விளக்கினார். பள்ளியில் சொன்னதைவிட நன்றாகவே. முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டபோது, பழக்கதோஷத்தில் "புரிஞ்சுது சார்" என்று வாயில் வந்துவிட்டது. ஒரு நொடி அமைதி. பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

அன்றிலிருந்து அவர் சார். என் போனில் அப்படித்தான் இருக்கிறார், அம்மாவும் "சார்கிட்ட கேளு" என்கிறார். அவர் வீட்டில் டியூஷன் எடுக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மகனைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டும் வந்தார்.